பாலத்தைக் கடந்த மிருதங்கம்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. விழாவுக்கு வர இயலாமற்போன பெற்றோரும் படித்தறியும் பொருட்டு இம்மலரில் இடம்பெறுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு “நம் இசைக் குழுவின் சிங்கப்பூர்ப் பயணம்”. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பள்ளி விடுமுறையில் நம் பள்ளிப் பிள்ளைகள் சிங்கப்பூர் சென்று மேடையேறினார்கள். அந்தக் கச்சேரியைப் பற்றி நீங்கள் எல்லாரும் கேட்டுவிட்டீர்கள். படம் பார்த்துவிட்டீர்கள். கைதட்டல் எவ்வளவு, மாலை யார் போட்டார்கள், என்ன சாப்பாடு என்பதெல்லாம் பிள்ளைகளே வீட்டுக்கு வீடு சொல்லி முடித்துவிட்டார்கள். ஆகவே கச்சேரி நடந்த நாளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு முந்திய நாளைப் பற்றி, அதாவது பஸ்ஸில் போன அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த கதையில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மேடையில் நான் கற்றுக்கொண்டதைவிட அந்தப் பஸ்ஸில் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

முதலில் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த இசை, ரிகார்டர் குழலில் நாலு பாட்டு ஊதுவதோடு முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் நம் பள்ளியில் ஓர் இசைக் குழு உருவாயிற்று என்றால், அதற்குக் காரணம் நம் தோட்டத்துக் கோயில். பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்துவந்த பெரியவர் ஒருவர், சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். காசு ஒரு சல்லி வாங்கவில்லை. ஆர்மோனியம் கோயிலுடையது. வயலின் இரண்டும் பட்டணத்தில் பழையதாக வாங்கியவை. கடம், நம் பெற்றோர் ஒருவர் இந்தியாவுக்குப் போய் வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பாடுகிற பிள்ளைகள் எட்டுப் பேர், வாசிக்கிற பிள்ளைகள் ஆறு பேர். ஆக மொத்தம் பதினான்கு பேர்.

சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்ததும் தோட்டமே பரபரப்பாகிவிட்டது. தாய்மார்கள் தீபாவளிப் பலகாரம் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார்கள். கல்வி இலாகா அனுமதிக்கு நான் பாரம் மேல் பாரமாக நிரப்பினேன். பிள்ளைகளுக்குக் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நூறு வெள்ளி. அந்த நூறு வெள்ளிக்கு ஓவர்டைம் பார்த்த அப்பாமார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கடப்பிதழ் வேலையில்தான் எங்களுக்கு அடி விழுந்தது.

மிருதங்கம் வாசிக்கும் மாணவன் ஆறாம் ஆண்டு. அப்போதிருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதி முடித்திருந்தான். அந்தப் பெரியவரிடம் ஐந்து வருஷம் பாடம் கேட்டவன். மற்றப் பிள்ளைகள் தாளம் தப்பினால் முகத்தைக்கூடத் திருப்பமாட்டான், ஒரு சின்னத் தட்டில் அவர்களை இழுத்துக்கொண்டுவந்து சேர்த்துவிடுவான். அவனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கி, அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுவதும் படித்தேன். குடியுரிமை என்று போட்டிருக்கும் இடத்தில் “புக்கான் வார்காநெகாரா” என்று அச்சாகியிருந்தது. குடிமகன் அல்லன் என்று அர்த்தம்.

நம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். அப்பா இந்த நாட்டுக் குடிமகன், நீல ஐ.சி. வைத்திருப்பவர். அம்மா வெளிநாட்டிலிருந்து வந்தவர். கல்யாணம் நம் கோயிலில்தான் நடந்தது. தாலி கட்டியதை ஊரே பார்த்தது. ஆனால் பதிவு அலுவலகத்தில் அந்தக் கல்யாணத்தைப் பதியவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது, அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்குச் சேர்வதில்லை. இது தெரியாமலேயே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகல், அவன் முதலாம் ஆண்டில் சேர்ந்த நாள் முதல் பள்ளிக் கோப்பில் இருக்கிறது. இரண்டு வருஷம் நான் அவனுக்கு வகுப்பாசிரியை. பேரும் பிறந்த தேதியும் பார்த்து எழுதிக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்த வரியைப் படிக்கவில்லை. அப்பா அம்மாவுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். படித்த எனக்கு என்ன சாக்கு?

ஓடினோம். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். இதெல்லாம் இரண்டு மாதத்தில் முடிகிற காரியம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். பயண நாள் நெருங்கிவிட்டது. பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்குத்தான் கடப்பிதழ்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

விடியற்காலை மூன்று மணி. பள்ளி வாசலில் பஸ் நிற்கிறது. மழை பெய்து ஓய்ந்த நேரம். தாய்மார்கள் தூக்குச் சட்டியும் போர்வையுமாக நிற்கிறார்கள். வராதவன் வரமாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் எல்லாருக்கும் முந்தி வந்து, பள்ளி வராந்தா விளக்கின் கீழே, மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் கல், மறு கையில் மரக்கட்டை. விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். இவனிடம் ஒரு வருஷம் கூடவே உட்கார்ந்து தட்டிப் பழகியவன். அவன்தான் இப்போது மேடையில் வாசிக்க வேண்டும்.

பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் நின்று கேட்டேன்.

“இதக் கீழ வைக்காத. பஸ்ஸு ஏர்கோன் நேரா அடிக்கிற இடத்துல வைக்காத. தோல் காஞ்சா சுருதி ஏறிடும், ஈரம் பட்டா எறங்கிடும். பயந்துடாத. மேல இருந்து தட்டுனா ஏறும், கீழ இருந்து தட்டுனா எறங்கும். தொப்பிக்கு ரவை இந்தப் பொட்டலத்துல இருக்கு. வாசிச்சி முடிச்சதும் சொரண்டி எடுத்துடு, அப்படியே உட்டுட்டுத் தூங்கிடாத.”

பெற்றோர்களே, மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதில் அப்பினால்தான் அந்தக் கனத்த நாதம் வரும். வலப்பக்கத்தில் தெரிகிற கறுப்பு வட்டம் சோறும் கல்பொடியும் சேர்த்து அரைத்துத் தடவியது. ரவையும் சோறும் நம் வீட்டுச் சமையற்கட்டில் இருப்பவைதானே என்று அந்தப் பெரியவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

மூன்றரை மணிக்குப் பஸ் கிளம்பிற்று. அவன் கை காட்டவில்லை. கல்லையும் கட்டையையும் ஜன்னல் வழியாக நீட்டினான், சின்னவன் வாங்கிக்கொண்டான். பஸ் திரும்பும்போது பார்த்தேன், வராந்தாவில் சிந்தியிருந்த ரவையைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

பீடோர் வழியாக நெடுஞ்சாலையில் ஏறினோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் கவனித்தேன். நான் முன்பே எல்லாருக்கும் இருக்கை எண் எழுதி ஒட்டியிருந்தேன். அவனுடைய எண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். அந்த இடத்தில் மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, உறை போட்டு, இடுப்பு வாரையும் மாட்டியிருந்தார்கள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஆயர் குரோ ஓய்விடத்தில் பசியாற இறங்கினோம். வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த இட்லியும் சம்பலும். ஒரு பிள்ளையின் சாப்பாட்டை இன்னொரு பிள்ளை எடுத்துத் தின்றது. ஒரு பாத்திரம் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. திறந்தால் புட்டு, வாழைப்பழம், சீனி. கேட்டுப் பார்த்ததில், வராமல் நின்றவனின் அம்மா கொடுத்தனுப்பியதாம். மகன் போகாத பயணத்துக்குச் சோறு கட்டிய தாய் அவர். அந்தப் புட்டை எல்லாரும் ஆளுக்கொரு கை எடுத்தோம்.

அதற்குப் பிறகு பாகோ, மாச்சாப் என்று பெயர்ப் பலகைகள் வந்தன. செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. “டீச்சர், நாம எங்கயும் போகல, நம்ம தோட்டத்தையே சுத்திக்கிட்டிருக்கோம்” என்றாள் ஒரு மாணவி. பஸ்ஸே சிரித்தது. பாடத் தொடங்கினார்கள். மிருதங்கத்தை எடுக்கவில்லை. சின்னவன் முன் இருக்கையின் முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். இடையிடையே நின்றுவிடுவான், உதடு மட்டும் அசையும். பயம் என்று எனக்குத் தெரிந்தது. என்னால் உதவ முடியாத பயம் அது. எனக்குத்தான் ரிகார்டர் தவிர ஒன்றும் தெரியாதே.

மாச்சாப் தாண்டியதும் நுழைவு அட்டைகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பெயர், கடப்பிதழ் எண், பிறந்த நாடு, தங்கும் முகவரி. பிள்ளைகள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதுபோல எழுதினார்கள். சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது, 1992ஆம் ஆண்டு முதல் தடை என்று சொல்லி, இருந்தால் கொடுங்கள் என்று ஒரு பையைத் திறந்தேன். மூன்று பேர் கொடுத்தார்கள். நாலாவது ஆள் வாயில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தான்.

நண்பகலில் ஜொகூர் பாரு. பள்ளி விடுமுறைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி, வரிசையில் நின்றோம். ஒவ்வொரு பிள்ளையாகச் சன்னலுக்கு முன்னால் போய், எக்கி நின்று, கடப்பிதழை நீட்டினார்கள். கோலாட்டக் குச்சி பிடிக்கிற கை, பால் வாளி தூக்கிப் பழகிய குடும்பத்துக் கை, அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை நீட்டுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாணவி திரும்பிக் கேட்டாள்:

“டீச்சர், அவனும் இந்த நாட்டுலதானே பொறந்தான்?”

“ஆமாம்மா.”

“அப்பறம் ஏன் அவனுக்கு மட்டும் இது இல்ல?”

நான் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அது விளங்கவில்லை. “பெரியவங்க செய்ய வேண்டியத நேரத்துல செய்யல” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை நான் பார்க்கிற பார்வை அது.

பாலத்தில் ஏறினோம். கடல் கடந்த இசைப் பயணம் என்று அழைப்பிதழில் பெரிதாக அச்சடித்திருந்தோம். அந்தக் கடல் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான்! அதைத் தாண்ட எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பஸ் ஒரு முழம் நகரும், நிற்கும். ஓரத்தில் ஆட்கள் நடந்தே எங்களைத் தாண்டிப் போனார்கள். நேரம் போகப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னேன்.

“இந்தப் பாலம் 1924ஆம் ஆண்டு திறந்தது. நூறு வருஷத்துப் பாலம்னு நெனச்சிக்குங்க. உங்க தாத்தாவுக்குத் தாத்தா காலம். 1963லேருந்து 1965 வரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாடு. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடாச்சு. அப்பறமும் உடனே பாஸ்போர்ட் கேக்கல. 1967லதான் ரெண்டு பக்கமும் சோதனை வந்துச்சு. அதுக்கு முன்னாடி எங்க தாத்தா அடையாள அட்டைய மட்டும் சட்டைப் பையில வெச்சிக்கிட்டுப் போய், சிங்கப்பூர்ல உறவுக்காரங்க கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வருவாராம்.”

“அப்பன்னா அண்ணனும் வந்திருக்கலாம்” என்றான் சின்னவன். அவன் அன்று காலையிலிருந்து வாய் திறந்து பேசியது அதுதான்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. அங்கே எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆர்மோனியத்தை இரண்டு அப்பாமார்கள் தூக்கினார்கள். கடத்தைப் பழைய கைலிகளில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல ஓர் அம்மா தூக்கிவந்தார். மிருதங்கத்தை யாரிடமும் கொடுக்காமல் சின்னவனே இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தான். அவன் உயரத்துக்குப் பாதி இருந்தது அது. சாமான்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்குள் விட மனமில்லாமல் நின்றான். அங்கிருந்த அதிகாரி ஒருவர் தமிழர்.

“என்ன தம்பி, மிருதங்கமா? நல்லா வாசிப்பியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணன்தான் வாசிப்பாரு. நான் தூக்கிக்கிட்டு வந்தேன்” என்றான் இவன்.

“அண்ணன் எங்க?”

“தோட்டத்துல.”

அவர் என்னைப் பார்த்தார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் பிறகு எதுவும் கேட்கவில்லை. தாமே குனிந்து, மிருதங்கத்தை மெதுவாக இயந்திரப் பட்டையில் வைத்து, மறுபக்கம் போய்க் கையில் எடுத்துக் கொடுத்தார்.

சிங்கப்பூர்ச் சாலையில் பஸ் ஓடியது. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஓரிடத்தில் நான்கு மொழிப் பலகை ஒன்று. “டீச்சர், தமிழு! தமிழு!” என்று ஒரே கூச்சல். எல்லாரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள்: “அபாயம்!” படித்துவிட்டுக் கைதட்டினார்கள். அபாயம் என்ற சொல்லுக்கு இவ்வளவு சந்தோஷமாகக் கைதட்டிய கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அங்கே ஆட்சிமொழி நான்கில் தமிழும் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் முழுநேரத் தமிழ்ப்பள்ளி அங்கே இல்லை, கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது என்றும் சொன்னேன். நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேலான தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்று கேட்டதும், கட்டடத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மாலை ஐந்தரைக்குத் தங்கும் விடுதி. பதினான்கு மணி நேரம். பிள்ளைகள் துவண்டுபோனார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். அங்கேதான் நான் பயந்தது நடந்தது. சுருதிப் பெட்டியைப் போட்டோம். சின்னவன் வலந்தலையில் விரலை வைத்தான். சுருதி ஒரேயடியாக இறங்கிக் கிடந்தது. பாடும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். அவன் கல்லை எடுத்தான், கை நடுங்கியது, கீழே வைத்துவிட்டான். அழ ஆரம்பித்துவிட்டான்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துத் தோட்டத்துக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். மாலையிலிருந்து அப்பாவின் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“டீச்சர், போன மிருதங்கத்துக்கிட்ட வையுங்க. டேய், ஒரு அடி அடி.”

அடித்தான்.

“எறங்கித்தான் இருக்கு. மழை ஈரம். ஒன்னும் ஆகல. கல்ல எடு. மேல இருந்து, மெதுவா. ஒரே எடத்துல தட்டாத, எதிரும் புதிருமாச் சுத்தி வா. இப்ப அடி. இன்னும் கொஞ்சம். வலப்பக்கம் ஒரு எடத்துல கம்மியாக் கேக்குது. ஆங், அங்கதான். சுருதிப் பெட்டியக் கொஞ்சம் கிட்ட வையுங்க டீச்சர். போதும். இப்ப எல்லாம் ஒன்னாப் பாடுங்க, நான் கேக்கறேன்.”

பேராவில் ஒரு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, சிங்கப்பூரில் இருந்த மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்தான் அந்தப் பிள்ளை. எட்டுப் பேர் பாடினார்கள், ஐந்து பேர் வாசித்தார்கள். தொலைபேசி தரையில் நடுவே இருந்தது. பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. அழுகிறானோ என்று நான் நினைத்தேன். பிறகு கேட்டான்: “அம்மா கட்டிக் குடுத்த புட்டு சாப்பிட்டீங்களா?”

மறுநாள் கச்சேரி நன்றாகத்தான் நடந்தது. சின்னவன் ஓரிடத்தில் தாளம் விட்டான், உடனே பிடித்துக்கொண்டான். இவ்வளவுதான் கச்சேரி.

என் அருமைப் பெற்றோர்களே, இந்தக் கதையை ஏன் பரிசளிப்பு நாளில் சொல்லுகிறேன் தெரியுமா? இன்றைக்கு நம் பிள்ளைகள் கோப்பை வாங்குகிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறீர்கள். நல்லது. ஆனால் சுவரில் மாட்டாத ஒரு காகிதம் இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே, பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருக்கும் பிறப்புப் பத்திரம். அந்தக் காகிதம் சரியில்லையென்றால் இந்தக் காகிதங்கள் எதுவும் பாலத்தைத் தாண்டாது.

நம் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில், இன்றைக்கா நாளைக்கா என்று குடியுரிமைக்கு மனுப் போடாமல் விட்டவர்கள் தோட்டங்களில் பலர். 1969 வாக்கில் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோதுதான் அந்தக் காகிதத்தின் விலை தெரிந்தது. காலமெல்லாம் பால் வெட்டிய எத்தனையோ பேர் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்தப் பாடத்தை நாம் இன்னொரு தடவை படிக்கலாமா?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கே காரியம்.

ஒன்று, பிள்ளை பிறந்தால் காலம் கடத்தாமல் பதியுங்கள். பேர் வைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டு பதிவை ஒத்திப்போடாதீர்கள்.

இரண்டு, கல்யாணத்தைப் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டினால் ஊர் ஒப்புக்கொள்ளும், சாமி ஒப்புக்கொள்ளும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு இல்லாமல் அரசாங்கம் ஒப்புக்கொள்ளாது. பிள்ளை பிறந்த பின் ஓடிப்போய்ப் பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். முன்பே பதிவு இருக்க வேண்டும்.

மூன்று, இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்தையும் கடைசி வரி வரை படியுங்கள். மலாய் படிக்க வராதென்றால் பிள்ளையையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் அதற்குத்தானே மலாய் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான்கு, பிழை இருந்தால் ஒளிக்காதீர்கள். வெட்கப்படாதீர்கள். என்னிடம் வாருங்கள், தலைமையாசிரியரிடம் வாருங்கள். பிள்ளைக்காக மனுப் போட அரசியலமைப்பில் வழி உண்டு, ஆனால் அதற்கு வயது வரம்பும் உண்டு. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், அங்கேயே பாதிக் காலம் போய்விடும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒன்று உண்டு. அந்த ஆண்டு முதல், முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்தையும் நான் விரல் வைத்துப் படிக்கிறேன். பேரும் தேதியும் மட்டுமல்ல, எல்லா வரியும்.

கடைசியாக ஒன்று. அவன் இப்போது என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மனுப் போட்டோம். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெரியவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் இப்போது அவன்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். சற்று முன் இந்த மேடையில் நீங்கள் கைதட்டிப் பாராட்டினீர்களே, அந்தப் பிள்ளைகள் அவனிடம் படித்தவர்கள். இதையெல்லாம் பேசலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் பேசினேன். “பேசுங்க டீச்சர். இன்னொருத்தன் பஸ்ஸுக்கு வெளிய நிக்க வேணாம்” என்றான்.

அவன் மண்டபத்தின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், கூச்சப்படுவான். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதுவே அவனுக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு.